வியாழக்கிழமை நாற்காலி

பத்திரிகையில் செய்தி எழுதுபவர் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய ஆய்வுப் பொருள் வலி. எழுந்து நடந்துகொண்டிருந்த காலத்தில், ஐந்தாறு மாதங்கள், வாரம் ஒருமுறை எங்கள் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் தன் முதுகுவலியை விவரித்தாள். நாங்கள் கவனமாகக் கேட்டோம். நல்ல கேள்விகள் கேட்டோம்.

அந்த ஆய்வு மையம் கரூர் சாலையில், காவிரியைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துவது. முன்பு ஏதோ மில்காரரின் பங்களாவாக இருந்த கட்டடம்; கீழே நூலகம், மாடியில் கருத்தரங்க அறை. மனத்தின் தத்துவம் மட்டும்தான் அங்கே பாடம். மனம் என்பது மூளைதானா, வலி என்பது நரம்பில் நடப்பதா அல்லது வேறொன்றா, இன்னொருவர் மனதில் இருப்பது நமக்கு எப்படித் தெரியும் என்பன போன்ற கேள்விகள். நான் வேலை பார்த்த நாளிதழின் திருச்சிப் பதிப்பில் பக்கங்களைக் குறைத்தபோது ஆட்களையும் குறைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் இங்கே சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் "என்ன படிக்கிறீங்க, சைக்காலஜியா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்ப யோகாவா?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முழுநேர ஆய்வாளர்கள் மூன்று பேர். நான், அவள், பாலக்கரையிலிருந்து வரும் ஒரு இளைஞன். அவன் இயந்திரங்களுக்கு மனம் இருக்க முடியுமா என்று ஆராய்ந்தான். என் தலைப்பு பிறர் மனம். நெறியாளர் ஒருவர்தான், ஒரு கல்லூரியில் ஓய்வுபெற்று வந்த பேராசிரியர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காயாமல் வந்து, உலகத்தில் எதையும் ஆதாரமில்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாடம் நடத்துவார். அது அவருக்கு முரணாகத் தெரிந்ததில்லை. எங்களுக்கும் நாளடைவில் தெரியவில்லை.

வியாழக்கிழமைக் கருத்தரங்கு அவர் ஏற்படுத்திய வழக்கம். அறையின் நடுவில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த நிமிடம் தன் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை நம்பக் கூடாது. மறுக்கவும் கூடாது. சொன்னவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே போக வேண்டும். எது உண்மையில் அவருக்குத் தெரிவது, எது அவர் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்ப்பதற்காக. இன்னொரு விதியும் உண்டு. நாற்காலியில் சொன்னதை வெளியே எடுத்துப் பேசக் கூடாது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வாளர் தன் பொறாமையைப் பற்றி அங்கே சொல்லி, அது அவர் மனைவி வீடு வரை போய்விட்டதாம். அதிலிருந்து பேராசிரியர், "நாற்காலியிலே சொன்னது நாற்காலியோட" என்று கண்டிப்பாக இருந்தார்.

அவள் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பாவுக்கு வானம் பார்த்த நிலம். குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். திருவானைக்காவலில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் நான் இருப்பேன், அவள் திருவானைக்காவலில் ஏறுவாள், சத்திரம் பேருந்து நிலையத்தில் இருவரும் வேறு பஸ் மாறுவோம். வலியை ஏன் தலைப்பாக எடுத்தாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க ஸ்கூல்ல ஒரு பி.டி. டீச்சர் இருந்தாங்கண்ணே. வயித்து வலின்னு எந்தப் பொண்ணு சொன்னாலும் கிரவுண்ட ஒரு சுத்து ஓடச் சொல்லுவாங்க. ஓடிட்டா பொய்யி. விழுந்துட்டா நிஜம்."

"நீ ஓடினியா, விழுந்தியா?"

"ஓடிட்டேன். முழு சுத்து. அதான் கோவம்."

அந்தக் கோபத்தைத்தான் அவள் ஆய்வேடாக எழுதிக்கொண்டிருந்தாள். நிரூபிக்க நினைத்தது ஒரே வாக்கியம்: தனக்கு வலி இருக்கிறது என்பதில் ஒருவர் தவறு செய்ய முடியாது. மருத்துவரோ கருவியோ ஆசிரியையோ அதைத் திருத்த முடியாது. எளிய வாக்கியம்போல் தெரியும். எங்கள் துறையில் அதை நிலைநிறுத்துவது கஷ்டம். மனிதர்கள் வலியைப் பற்றி எத்தனையோ விதங்களில் தவறு செய்கிறார்கள். பல்லில் கோளாறு இருக்கக் காதில் வலிக்கிறது என்பார்கள். அரிப்பை வலி என்பார்கள். நேற்றைவிட இன்று அதிகம் என்பார்கள், நேற்றைய வலி மறந்துபோயிருக்கும். அவள் கண்டுபிடித்த வழி இது: வலியைப் பற்றிச் சொல்வதில் தவறாகப் போகக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவது. இடம், காரணம், அளவு, பெயர் எல்லாவற்றையும். கடைசியில் மிஞ்சும் ஒன்றை யாராலும் அசைக்க முடியாது.

கழித்துப் பார்க்க ஒரு வலி வேண்டும். அந்தச் சித்திரையில் அவளுக்கு முதுகில் ஒரு வலி வந்தது.

முதல் வியாழக்கிழமை அவள் அதை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது நடந்தது நினைவிருக்கிறது.

"முதுகுல வலிக்குது," என்றாள், கண்ணை மூடியபடி.

"சொல்லுங்கோ," என்றார் பேராசிரியர். அந்த நாற்காலிக்கு முன்னால் அவர் எப்போதும் சொல்லும் வார்த்தை அது. "முதுகுலேன்னு எப்படித் தெரியறது? வலி தோண்ற இடம் முதுகு. வலி இருக்கற இடமும் அதுதானா?"

"தோணுற இடம் முதுகு."

"பேஷ்."

இளைஞன் தன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டான். "அக்கா, இது நேத்து இருந்த அதே வலியா, புது வலியா?"

"அதேதான்."

"நேத்து வலிய எங்க வச்சிருந்து எடுத்து ஒப்பிட்டீங்க?"

"ஞாபகத்துல."

"ஞாபகம் வலிக்குமா?"

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "டேய், உன் கம்ப்யூட்டருக்கு முதல்ல ஒரு தலைவலி வரட்டும். அப்புறம் என் முதுகுக்கு வா."

நானும் கேட்டேன். வலிக்கிறது என்று நினைப்பதற்கும் வலிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று. அவள், வித்தியாசம் இல்லை, அதுதான் என் ஆய்வேடு என்றாள். நல்ல பதில். அன்று கருத்தரங்கு முடிந்து கீழே இறங்கும்போது எல்லோரும் உற்சாகமாக இருந்தோம்.

ஆடி பிறந்து காவிரியில் தண்ணீர் வந்தபோது அவள் பேச்சு மாறியிருந்தது. "வலிக்குது" என்பதை அவள் விட்டுவிட்டாள். "வலின்னு நான் சொல்ற ஒண்ணு இருக்கறதா தோணுது" என்றாள். பேராசிரியர், "இப்பத்தான் தத்துவம் ஆரம்பிக்கறது" என்று சொல்லி, எங்களைப் பார்த்து, இந்தத் துல்லியத்தைக் கவனிக்கச் சொன்னார். எனக்கு அது பழகிய பாஷையாக இருந்தது. பத்திரிகையில் எதையும் உறுதியாக எழுத முடியாதபோது 'கூறப்படுகிறது' என்று போடுவோம். வீடு எரிந்துகொண்டிருக்கும், வாசலில் நின்று பார்த்திருப்போம். மின்கசிவால் தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது. அந்தச் சொல் வழக்கு வராமல் நம்மைக் காக்கும். வேறு யாரையும் காக்காது.

பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் அவள் உட்காருவதை விட்டிருந்தாள். காவிரிப் பாலம் ஏறும்போது பஸ் குலுங்கும். அப்போது மேலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தொங்கவிட்டதுபோல் நிற்பாள். உதட்டைக் கடித்திருப்பாள். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். சாயங்காலம் திரும்பும்போது, வெயில் தணியாத நேரத்தில், துப்பட்டாவால் கழுத்தையும் காதையும் சுற்றிக்கொள்வாள். மணிக்கட்டில் வாட்ச் நழுவிக்கொண்டே இருந்தது; அதை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்வாள்.

ஒருநாள் மையத்துக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தபோது, டாக்டரைப் பார்த்து வந்த கதையை அவளே சொன்னாள்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. முதுகுல வலிக்கற மாதிரி தோணுது, ஆனா காரணம் அங்கதான் இருக்கணும்னு இல்லன்னேன். பேனாவ கீழ வச்சிட்டாரு. 'வலிக்குதா இல்லையாம்மா?'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றான் இளைஞன்.

"வலின்னு சொல்லக்கூடிய ஒண்ணு இருக்குன்னேன். சரி, பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டாரு. ஞாபகத்த நம்பாம நம்பர் சொல்ல முடியாதுன்னேன். என்ன படிக்கிறீங்கன்னாரு. சொன்னேன். 'ரொம்ப நேரம் உக்காந்து படிக்காதீங்க'ன்னு ஒரு களிம்பு எழுதிக் குடுத்துட்டாரு."

"டாக்டரையே நாற்காலில உக்கார வச்சிட்டு வந்திருக்கீங்கக்கா."

மூன்று பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே டாக்டரைச் சீண்டவில்லை. எத்தனையோ வியாழக்கிழமைகளாக இடத்தையும் காரணத்தையும் அளவையும் கழித்துக் கழித்துப் பழகியவளுக்கு, அவை மூன்றையும் மட்டும் கேட்கும் ஒருவரிடம் சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்த டாக்டர் மீதும் எனக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்திருப்பார்கள். வலிக்கிறது என்று சொல்லாத ஒரு நோயாளிக்கு அவர் களிம்பு கொடுத்தார்.

"வேற டாக்டர்ட்ட போய்ப் பாக்கலாம்ல?" என்றேன், இளைஞன் காசு கொடுக்கப் போனபோது.

"அண்ணே," என்றாள், "நாற்காலி விஷயம் நாற்காலியோட." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டாள்.

வேறு டாக்டரையும் பார்த்தாள் என்று பிறகு தெரிந்தது. அவர் ஒரு பெண். கல்யாணம் ஆகவில்லையா, வீட்டில் பார்க்கிறார்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தாராம்.

புரட்டாசியில் அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை நிபுணர் குழுவின் முன் வைக்க வேண்டும். அது நிறைவேறினால்தான் ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பிக்க முடியும். அதற்கு முந்தைய வாரங்களில் அவள் ஒரு வியாழக்கிழமைகூட விடவில்லை. கடைசி முறை நாற்காலியில் உட்காரும்போது இருக்கையின் விளிம்பைப் பிடித்துத் தன்னை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

"ஒரு பட்டை மாதிரி," என்றாள். "முதுகுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சுத்தி முன்னால வந்து முடியறதா தோணுது. யாரோ கட்டி இறுக்கற மாதிரி."

"யாரோங்கறது உவமை," என்றார் பேராசிரியர்.

"ஆமா சார். உவமை. எடுத்துடலாம்."

"பட்டை?"

"அதுவும் உவமைதான்."

"எடுத்துட்டா?"

அவள் நெற்றியில் வியர்வை இருந்தது. மாடியில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "எடுத்துட்டா..." என்றவள் இருக்கையின் விளிம்பை மறுபடி பிடித்துக்கொண்டாள். "இருக்கு. அவ்வளவுதான்."

பேராசிரியர் எழுந்து நின்றார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. "இதுதாம்மா உங்க ஆய்வேடு," என்றார். உண்மையிலேயே நெகிழ்ந்திருந்தார்.

குழுவின் முன் அவள் நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொன்னார்கள், வேண்டாம் என்றாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். பி.டி. டீச்சரின் கதையில் ஆரம்பித்தாள். ஓட முடிந்த பெண்ணுக்கு வலி இல்லை என்று முடிவு செய்ய அந்த ஆசிரியை என்னவெல்லாம் நம்ப வேண்டியிருந்தது என்று வரிசையாகக் காட்டினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் கேட்டார்: "அப்போ ஒருத்தர் தன்னோட உணர்வப் பத்தித் தப்பு பண்ணவே முடியாதுன்னு சொல்றீங்களா?"

"இடம் தப்பாகலாம் சார், பேர் தப்பாகலாம், காரணம் தப்பாகலாம். ஒரு உணர்வு எனக்கு இருக்குன்னு தோணுதுன்னா, அது இருக்கறது தப்பாகாது."

நிபுணர் தலையாட்டினார். குழு ஒருமனதாக ஏற்றது.

மாடியிலிருந்து இறங்கும்போது பாதிப் படியில் அவள் உட்கார்ந்தாள். விழவில்லை. கால் மடங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள். பேராசிரியர் அவளுக்கு இரண்டு படி கீழே இருந்தார். நானும் இளைஞனும் மேலே.

"கால் எங்க இருக்குன்னு தெரியல," என்றாள்.

பேராசிரியர் திரும்பி அவளைப் பார்த்தார். "சொல்லுங்கோ," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் அசையவில்லை. அடுத்த வாக்கியம் வரும் என்று மூன்று பேரும் நின்றோம். அவளும் அடுத்த வாக்கியத்தைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு படியில் சிறுநீர் இறங்கியது. அவள் அதை எங்களோடு சேர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இளைஞன்தான் முதலில் இறங்கி ஓடிப்போய் அவளைப் பிடித்தான். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பேராசிரியர் தன் மேல்துண்டை எடுத்து அவள் மடியில் போர்த்தினார்.

முதுகெலும்பில் காசநோய். ஸ்கேனைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள். இரண்டு எலும்புகளை அரித்து, சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்தது, பட்டை கட்டினாற்போல் சுற்றி வரும் வலி எல்லாம் அதன் பாடப்புத்தக அடையாளங்கள் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். முன்பே வந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும். இப்போது உடனே அறுக்க வேண்டும், நடப்பாளா என்று பிறகுதான் சொல்ல முடியும். மருங்காபுரியிலிருந்து அவள் அம்மா வந்து சேர்ந்திருந்தார். வார்டு வாசலில் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இத்தனை மாசமா வலி இருந்திருக்குமேம்மா," என்றார் டாக்டர் அவளிடம். "யார்ட்டயும் சொல்லலையா?"

"எல்லார்ட்டயும் சொன்னேன்," என்றாள். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது விளக்குவேன் என்பதுபோல. பிறகு அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதுகுவலி போய்விட்டது. அதோடு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போனது. மாத்திரையைத் தொடர்ந்தால், பயிற்சி கொடுத்தால், உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். உணர்வு திரும்பினால்தான் அதன் பின்னால் நடை வரலாம். பாதத்தில் எப்போது தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நான் போன் செய்யும்போதெல்லாம் அவர் குரலில்தான் ஆரம்பிக்கும்: "இன்னும் தெரியலங்க."

மையத்தில் கருத்தரங்கு நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரும் மாடிக்குப் போனோம், உட்கார்ந்தோம், பேராசிரியர் ஒரு கட்டுரையை வாசிக்க ஆரம்பித்து பாதியில் மூடிவிட்டார். அதன் பிறகு யாரும் மாடி ஏறவில்லை. பல வாரங்கள் கழித்துப் போனபோது எலக்ட்ரீஷியன் அந்த நாற்காலியின் மேல் ஏறி நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருக்கையில் அவருடைய செருப்புத் தடம் இருந்தது. இளைஞன் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது, "சார், நீங்க செய்தி எழுதுனவரு. இத எழுதுவீங்களா?" என்று கேட்டான். யார் சொன்னதாக எழுதுவது என்று கேட்டேன்.

தையில், பொங்கல் முடிந்து, பேராசிரியரும் நானும் மருங்காபுரிக்குப் போனோம். மணப்பாறை வழியாகப் பஸ். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஒரு பையை வைத்திருந்தார். ரங்கநாதர் கோயில் பிரசாதம். வழியில் ஒருமுறை மட்டும் பேசினார்.

"முன்னே எங்க காலேஜ்லே ஒருத்தன் எப்பவும் தலைவலி தலைவலின்னுண்டே இருப்பான். நான் நம்பலே. டெஸ்ட் பண்ணிண்டே இருந்தேன். அவனுக்கு ஒண்ணுமில்லேன்னு கடைசியிலே தெரிஞ்சுது." கொஞ்சம் கழித்து, "நான் நம்பாதது அப்போ சரியாப் போச்சு," என்றார். வெளியே கடலை பிடுங்கிய காடுகள் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன.

வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவள் முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது என்றாள். பேராசிரியர் பிரசாதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, "இப்போ என்ன தோண்றது?" என்றார். உடனே நிறுத்திக்கொண்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று மாற்றினார்.

"ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சார்," என்றாள். "ஒண்ணுமில்ல."

அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். "சார், உங்ககிட்ட படிச்சத எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுக்குறா. எனக்கு ஒண்ணும் ஏறல. கால் தெரிஞ்சா போதும், பட்டம் அப்புறம் வரட்டும்னு சொல்றேன்."

"கால் தெரியலன்னா பட்டமும் வராதும்மா," என்றாள் அவள். "யுனிவர்சிட்டில மூணு மாடி ஏறிப் போயி வைவா குடுக்கணும்."

வாரம் இரண்டு முறை துவரங்குறிச்சியிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வருவார். அன்று அவர் வரும் நாள். சின்ன வயதுக்காரர், ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எங்களுக்கு வணக்கம் சொன்னார். கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். நுனியால் பாதத்தில் தொடுவது, அவளுக்குத் தெரிகிறதா என்று கேட்பது. இதுதான் ஒவ்வொரு முறையும் கடைசியில் செய்யும் சோதனை. பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பதால் கண்ணை மூடச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் பேசவோ அசையவோ கூடாது. இதுவரை ஒருமுறையும் தெரிந்ததில்லை.

"கண்ண மூடுங்கக்கா. தெரிஞ்சா சொல்லுங்க."

அவள் கண்ணை மூடினாள். அம்மா கதவோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் குனிந்து, ஊசியைச் சரியாகப் பிடித்துக்கொள்ள விரல்களை மாற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியுது," என்றாள்.

அம்மா ஒரு சத்தம் எழுப்பினார். பேராசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பிசியோதெரபிஸ்ட் தலையை நிமிர்த்தினார். ஊசி அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. பாதம் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

"அக்கா, நான் இன்னும் தொடலக்கா."

அவள் கண்ணைத் திறந்து ஊசியையும் பாதத்தையும் பார்த்தாள். பிறகு பேராசிரியரைப் பார்த்தாள். தன் உணர்வைப் பற்றி ஒருவர் தவறு செய்யவே முடியாதா என்று நிபுணர் குழு கேட்ட கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் நினைவிருந்தது. அவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருந்தது. எந்த வியாழக்கிழமையாக இருந்தாலும் கேட்டிருப்பார். அவர் மெல்ல உட்கார்ந்து, கீழே மோர் டம்ளரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் அவள்.

"சில நேரம் அப்படி இருக்கும்க்கா," என்றார் பிசியோதெரபிஸ்ட், தன்மையாகத்தான். "எதிர்பார்த்துக்கிட்டே இருப்பீங்கள்ல. வாங்க, மறுபடி பாப்போம். கண்ண மூடுங்க."

மூடினாள். இந்த முறை அவர் தாமதிக்கவில்லை. இடது உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே, ஊசியை வைத்து அழுத்தினார். தோல் குழிவது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. எடுத்து, நடுவில் வைத்து அழுத்தினார். பிறகு குதிகாலில். பிறகு வலது கால். ஊசி பட்ட இடங்களில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, மெதுவாகச் சிவந்தன.

அவள் முகத்தைக் கவனமாக வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம்.

"ம், தொடுங்க," என்றாள்.